பெயர் கேளாத கூட்டம்

பத்திரிகையாளன் தன் வாழ்நாளில் எத்தனையோ மரணச் செய்திகளை எழுதுகிறான். அவற்றுள் பெரும்பாலானவை மறுநாட் பதிப்போடு அவன் நினைவிலிருந்தும் போய்விடுகின்றன. நான் எழுதிய ஒன்று மட்டும் இருபத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும் என்னை விட்டு அகலவில்லை. எட்டு வரிச் செய்தி அது. அதில் ஒரு பொய் இருந்தது.

1990களில் கொழும்பில் நான் பணியாற்றிய பத்திரிகையில் அவர் செய்தி ஆசிரியர். நாங்கள் அனைவரும் அவரை ‘அண்ணை’ என்றே அழைப்போம். இரண்டு பத்தி நீளத்துக்கு வந்த செய்தியைச் சிவப்புப் பேனையால் இருபது வரியாக்குவார். எதையும் இழந்ததாகத் தோன்றாது. தலைப்பிடும் கலையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவரே. காலையில் அவருடைய கை நடுங்கும். பதினொரு மணியளவில் வெளியே ஒரு நடை போய் வந்தாரென்றால் நடுக்கம் நின்றுவிடும். அந்த நடை எங்கே போகிறது என்பது அலுவலகம் முழுவதும் அறிந்த இரகசியம்.

அவரைத் திருத்த நாங்கள் முயலாமல் இல்லை. புத்தி சொன்னோம், கெஞ்சினோம், கோபித்துக்கொண்டு பேசாமலும் இருந்து பார்த்தோம். சம்பளத்தை மனைவியின் கையில் கொடுக்க ஏற்பாடு செய்தோம். கதிர்காமத்துக்கு அழைத்துச் சென்று முருகன் சந்நிதியில் சத்தியம் செய்வித்தோம். அந்தச் சத்தியம் பதினேழு நாட்கள் நின்றது. மூன்று தடவை வைத்தியசாலையில் அனுமதித்தோம். ஒவ்வொரு தடவையும் உடல் தேறி வந்தார். வந்த சில வாரங்களில் பழைய கதை தொடர்ந்தது. 1999இல் ஈரல் கெட்டு இறந்தார். செய்தியை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. ‘திடீர் மாரடைப்பினால் காலமானார்’ என்று எழுதினேன். குடும்பத்தினர் விரும்பியதும் அதுவே. செத்த வீட்டுக்கு வந்திருந்த எல்லோருக்கும் உண்மை தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 2011இல் லண்டன் சென்றிருந்தபோது, அதே அலுவலகத்தில் எங்களோடு இருந்து பின்னர் புலம்பெயர்ந்த நண்பர் ஒருவரைச் சந்தித்தேன். அண்ணையோடு அந்தப் பதினொரு மணி நடையில் கூடப் போனவர்களில் இவரும் ஒருவர். தேநீர்க் கடையில் இருந்தபோது, “மச்சான், நான் விட்டு ஆறு வருசம். பின்னேரம் ஓரிடத்துக்கு வாறியா?” என்று கேட்டார். ஒரு தேவாலயத்தின் பின்புற மண்டபத்துக்கு அழைத்துச் சென்றார். இருபது கதிரைகள் போடப்பட்டிருந்தன. வாசலில் நின்ற முதிய வெள்ளைக்காரப் பெண்மணி என்னிடம் பெயர் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. தேநீரா கோப்பியா என்று மட்டுமே கேட்டார்.

உள்ளே போகுமுன் நண்பர் என் சட்டைப்பையிலிருந்த பேனையைப் பார்த்துச் சிரித்தார். “கேக்கலாம். நடந்த முறையை எழுதலாம். ஆக்களை எழுதக்கூடாது,” என்றார். ஆகவே அங்கு பேசியவர்கள் சொன்ன எதையும் இங்கு எழுதப் போவதில்லை. என் நண்பர் தம் முறை வந்தபோது தமது முதற்பெயரைச் சொல்லி, தாம் ஒரு குடிநோயாளி என்று அமைதியாகச் சொன்னார் என்பதை மட்டும் அவருடைய அனுமதியோடு குறிப்பிடுகிறேன். தமிழர் ஒருவர் அவ்வாறு நாலு பேர் முன்னிலையில் சொல்லி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தவறணை ஏலங்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்; கசிப்பு வேட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறேன்; வரவுசெலவுத் திட்ட இரவுகளில் சாராய விலையேற்றத்தை முதற்பக்கத்தில் இட்டிருக்கிறேன். குடியை விட விரும்பும் ஒரு மனிதன் எங்கே போகலாம் என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. அண்ணைக்கு அதைச் சொல்லவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தக் கதிரைகள் அங்கு எப்படி வந்தன என்ற வரலாற்றை அதன் பிறகே தேடிப் படித்தேன்.

வாஷிங்டனியர்

குடிகாரர்கள் ஒன்றுகூடித் தமக்குத் தாமே உதவிக்கொள்ளலாம் என்ற எண்ணம் ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’ இயக்கத்தோடு பிறந்தது அன்று. 1840 ஏப்ரலில் அமெரிக்காவின் போல்டிமோர் நகரத்து மதுக்கடை ஒன்றில் வழமையாகக் கூடும் ஆறு பேர், மதுவிலக்குச் சொற்பொழிவு ஒன்றைக் கேலியாகப் பேசிக்கொண்டிருந்து, ஈற்றில் தாமே குடியை விடுவதாக உறுதி எடுத்தனர். ஜோர்ஜ் வாஷிங்டனின் பெயரைத் தமது சங்கத்துக்கு இட்டனர். போதகர் பேசுவதற்குப் பதிலாக, திருந்திய குடிகாரன் மேடையேறித் தன் கதையைத் தானே சொல்வது அவர்களின் முறை. சில ஆண்டுகளுக்குள் இலட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் ஒப்பமிட்டனர். 1842 பெப்ரவரி 22இல் ஸ்பிரிங்பீல்ட் நகரில் அவர்களின் கூட்டத்தில் உரையாற்றிய 33 வயதுச் சட்டத்தரணி, குடிகாரனைச் சபிப்பதால் பயனில்லை, அவனை நண்பனாக அணுக வேண்டும் என்று வாதிட்டார். அவரே பிற்காலத்து ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன்.

அந்த இயக்கம் 1840களின் முடிவுக்குள் ஏறத்தாழ மறைந்துவிட்டது. மதுவிலக்குச் சட்டம் வேண்டுமா வேண்டாமா என்ற அரசியலில் அது சிக்கிக்கொண்டது. மேடையில் புகழ்பெற்ற சிலர் மீண்டும் குடியில் வீழ்ந்தபோது, அவர்களோடு சேர்ந்து இயக்கத்தின் பெயரும் வீழ்ந்தது.

நமது நாட்டிலும் மதுவிலக்கு இயக்கம் பெரும் வரலாறு கொண்டது. 1912இல் பிரித்தானிய ஆட்சியின் புதிய மதுவரி ஏற்பாடுகளால் கள்ளுத் தவறணைகள் பெருகத் தொடங்கியபோது எழுந்த கிளர்ச்சியில்தான் எப்.ஆர். சேனநாயக்கா, டி.எஸ். சேனநாயக்கா போன்றோர் பொதுவாழ்வில் முன்னணிக்கு வந்தனர். ஆயினும் அங்கே பிரச்சினை தவறணையைப் பற்றியது, வரியைப் பற்றியது, ஆட்சியைப் பற்றியது. தவறணைக்குள் இருந்தவனிடம் அவன் கதையைக் கேட்பது அந்த இயக்கங்களின் வேலையாக இருக்கவில்லை.

ஹோட்டல் கூடத்தில் ஒரு தொலைபேசி

அமெரிக்கா சட்டத்தின் வழியை முழுமையாகவே பரீட்சித்துப் பார்த்தது. 1920 ஜனவரியில் நாடு தழுவிய மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. 1933 டிசம்பர் 5இல் அது நீக்கப்பட்டது. சட்டம் வந்தது, போனது. குடிநோயாளன் அங்கேயே இருந்தான். அவர்களுள் ஒருவர் பில் வில்சன். 1895இல் வேர்மொன்ட் மாநிலத்தில் பிறந்தவர்; முதலாம் உலகப் போரில் பங்குபற்றியவர்; வோல் ஸ்ரீற்றில் பங்குகளை ஆராய்ந்து பணம் பண்ணியவர். 1929 வீழ்ச்சியோடு பணம் போயிற்று, குடி மிஞ்சியது. மனைவி லோயிஸ் கடையொன்றில் வேலை பார்த்துக் குடும்பத்தைக் காத்தார்.

1934 நவம்பரில் வில்சனின் பழைய நண்பர் எபி தச்சர் அவர் வீட்டுக்கு வந்தார். எபியும் பெருங்குடிகாரர். ஆனால் அன்று நீட்டிய கிண்ணத்தை அவர் வாங்கவில்லை. பிராங்க் புக்மன் என்ற போதகர் தொடங்கிய ‘ஒக்ஸ்போர்ட் குழு’ என்னும் கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து, தவறுகளை இன்னொருவரிடம் ஒப்புக்கொண்டு, தீங்கிழைத்தவர்களுக்கு ஈடுசெய்து, குடியிலிருந்து விடுபட்டதாகச் சொன்னார். எபியை அந்தக் குழுவுக்குள் அழைத்து வந்தவர்களில் ஒருவர் ரோலண்ட் ஹசார்ட். உளவியலறிஞர் கார்ல் யூங்கிடம் சிகிச்சை பெற்ற செல்வந்தர் இவர். மருத்துவத்தால் இனி ஆகாது, ஆழ்ந்த ஆன்மிக மாற்றம் ஒன்றே வழி என்று யூங் கைவிரித்ததாக ஹசார்ட் சொல்லியிருந்தார். 1961 ஜனவரியில் வில்சன் இது பற்றி யூங்குக்குக் கடிதம் எழுத, யூங் தம் இறப்புக்குச் சில மாதங்களின் முன் அதை உறுதிசெய்து பதில் எழுதினார்.

1934 டிசம்பர் 11இல் வில்சன் நியூயோர்க்கின் டவுன்ஸ் வைத்தியசாலையில் கடைசித் தடவையாக அனுமதிக்கப்பட்டார். அங்கு தமக்கு ஓர் ஒளியனுபவம் ஏற்பட்டதாக அவர் பின்னர் சொன்னார். வைத்தியர் வில்லியம் சில்க்வேர்த் அதைப் பிதற்றல் என்று ஒதுக்கவில்லை. வெளியே வந்த வில்சன் அடுத்த ஐந்து மாதங்கள் கண்ணில் பட்ட குடிகாரர்களுக்கெல்லாம் அந்த ஒளியைப் பற்றிப் போதித்தார். ஒருவரும் திருந்தவில்லை. போதிப்பதை விட்டுவிட்டு, இந்த நோய் எவ்வளவு கொடியது என்பதை முதலில் சொல் என்று சில்க்வேர்த் அறிவுறுத்தினார். ஒருவரும் திருந்தாவிட்டாலும் நீங்கள் குடிக்காமல் இருக்கிறீர்களே என்று லோயிஸ் சொன்னதாகவும் ஒரு செய்தி உண்டு. இவ்விரண்டு கூற்றுகளுக்குள்ளும் பிற்காலத்து இயக்கத்தின் அத்திவாரம் முழுவதும் இருந்தது எனலாம்.

1935 மே மாதம் நிறுவனம் ஒன்றின் நிர்வாகத்தைக் கைப்பற்றும் முயற்சிக்காக வில்சன் ஒஹையோ மாநிலத்து அக்ரன் நகருக்குச் சென்றார். முயற்சி தோற்றது. மே 11, சனிக்கிழமை. மேபிளவர் ஹோட்டலின் கூடத்தில், பையில் சொற்பப் பணத்தோடு தனியே உலாவினார். ஒரு முனையில் மதுச்சாலை. அங்கிருந்து சிரிப்பொலி கேட்டது. மறு முனையில் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும். இன்னொரு குடிகாரனிடம் பேசாவிட்டால் தாம் குடித்துவிடுவது நிச்சயம் என்று அவருக்குப் புரிந்தது. பட்டியலிலிருந்த போதகர் ஒருவரை அழைத்தார். அந்தத் தொடர்பு பலர் வழியாகச் சென்று ஹென்றியெற்றா சைபர்லிங் என்ற பெண்மணியிடம் முடிந்தது. அவருக்கு ஒரு குடிகார வைத்தியரைத் தெரியும்.

அவ்வைத்தியர் டொக்டர் பொப் ஸ்மித். சத்திரசிகிச்சை நிபுணர், வயது 55. வந்தவரிடமிருந்து இன்னொரு போதனையை எதிர்பார்த்து, பதினைந்து நிமிடம்தான் இருப்பேன் என்ற நிபந்தனையோடு மே 12 மாலை ஐந்து மணிக்கு வந்தார். திரும்பியபோது இரவு பதினொரு மணி கடந்திருந்தது. வில்சன் அன்று போதிக்கவில்லை. தம் கதையை மட்டும் சொன்னார். உன்னைத் திருத்த வந்தேன் என்று சொல்லவில்லை. நான் குடிக்காமலிருக்க நீ எனக்கு வேண்டும் என்றார். குடியைப் பற்றித் தம்மோடு அனுபவத்தால் பேசிய முதல் மனிதர் அவரே என்று டொக்டர் பொப் பின்னர் பதிவு செய்தார்.

இவ்விடத்தில் திருக்குறளின் கள்ளுண்ணாமை அதிகாரம் நினைவுக்கு வருகிறது. குடித்தவனுக்குக் காரணம் காட்டித் தெளிவிக்க முயல்வது, நீருக்குள் மூழ்கியவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவது போன்றது என்கிறார் வள்ளுவர். அதற்கு அடுத்த குறளிலேயே, குடிப்பவன் தான் குடிக்காத வேளையில் குடித்த மற்றொருவனைக் காணும்போது, தன் நிலையும் இதுதானே என்று எண்ணிப் பார்க்க மாட்டானா என்று கேட்கிறார். முதற் குறள், அண்ணை விடயத்தில் நாங்கள் செய்த வேலையைச் சொல்கிறது. இரண்டாவது, அக்ரனில் நடந்ததைச் சொல்கிறது. பள்ளியில் இரண்டையும் மனனம் செய்த நாங்கள் ஒன்றையும் விளங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது மனிதன்

டொக்டர் பொப் உடனே விட்டுவிடவில்லை. ஜூன் மாதம் அற்லாண்டிக் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் நினைவிழக்கக் குடித்தார். திரும்பிய பின் சத்திரசிகிச்சை ஒன்று செய்ய வேண்டியிருந்தது, கை நடுங்கியது. நடுக்கத்தை நிறுத்த வில்சன் ஒரு போத்தல் பியர் கொடுத்தார். அதுவே டொக்டர் பொப்பின் கடைசிக் குடி. அந்த நாளை, 1935 ஜூன் 10 என, இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது. மாநாட்டுத் திகதிகளை ஒப்பிடும் ஆய்வாளர் சிலர் அது ஒரு வாரம் பிந்தியதாக இருக்க வேண்டும் என்பர். அன்று சத்திரசிகிச்சை முடிந்ததும் அவர் வீடு திரும்பவில்லை. கடன்பட்டவர்களையும் மனம் நோகச் செய்தவர்களையும் தேடிப் போய்ப் பேசிவிட்டே வந்தார். காலை நேரத்துக் கை நடுக்கத்தை அருகிருந்து பார்த்தவன் என்ற வகையில், இந்த வரலாற்றில் என்னை அதிகம் நிறுத்திய இடம் இதுவே.

பின்னர் இருவரும் அக்ரன் நகர வைத்தியசாலைக்குச் சென்று, தாதியரைத் தாக்கியதால் கட்டிலோடு கட்டப்பட்டிருந்த பில் டொட்சன் என்ற சட்டத்தரணியின் அருகில் அமர்ந்தனர். ஜூலை 4ஆம் திகதி வெளியேறிய டொட்சன் 1954இல் இறக்கும்வரை மீண்டும் குடிக்கவில்லை. இருவர் நண்பர்கள், மூவரானால் கூட்டம். டொக்டர் பொப் பின்னர் அக்ரனின் சென் தோமஸ் வைத்தியசாலையில் அருட்சகோதரி இக்னேஷியாவோடு சேர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் குடிநோயாளருக்குக் கட்டணமின்றிச் சிகிச்சையளித்ததாகச் சொல்லப்படுகிறது.

வளர்ச்சி மெதுவாகவே இருந்தது. 1937 இறுதியில் இரு நகரங்களிலும் தெளிந்திருந்தவர்கள் நாற்பது பேரளவில்தான். தமது முறையை நூலாக்கத் தீர்மானித்தனர். 1938 டிசம்பரில் வில்சன் எழுதிய ‘பன்னிரண்டு படிகள்’ கடும் விவாதத்தைக் கிளப்பின. கடவுள் நம்பிக்கையற்ற உறுப்பினர்களின் வற்புறுத்தலால், ஒவ்வொருவரும் தாம் விளங்கிக்கொண்டவாறான கடவுள் என்ற திருத்தம் புகுந்தது. பிற்காலத்தில் இந்துக்களுக்கும் பௌத்தர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் நாத்திகர்களுக்கும் அந்த மண்டபக் கதவைத் திறந்துவைத்தது இந்தத் திருத்தமே. ‘வெளியேறும் வழி’ என்று நூலுக்குப் பெயரிட எண்ணினர். அப்பெயரில் ஏற்கெனவே பல நூல்கள் இருந்தன. ஆகவே ‘அல்கஹோலிக்ஸ் அனோனிமஸ்’, பெயர் வெளியிடாத குடிநோயாளர், என்ற தலைப்போடு 1939 ஏப்ரலில் நூல் வெளிவந்தது. நூலின் பெயரே இயக்கத்துக்கும் ஆயிற்று. அதே ஆண்டில் ஒக்ஸ்போர்ட் குழுவிலிருந்தும் முற்றாகப் பிரிந்தனர்.

பணமும் பத்திரிகையும்

பணம் வேண்டி அவர்கள் அணுகிய இடம் சாதாரணமானதன்று: ஜோன் டி. றொக்பெல்லர் (இளையவர்). 1938இல் அவர் 5,000 டொலர் மட்டும் தந்தார். அதற்கு மேல் கொடுத்தால் இந்த இயக்கம் கெட்டுவிடும் என்றார். 1940 பெப்ரவரி 8இல் நியூயோர்க்கில் பெருஞ்செல்வந்தர்களை அழைத்து அவர் அளித்த விருந்தில், நோயுற்றிருந்த தந்தைக்காகப் பேசிய நெல்சன் றொக்பெல்லர், இவர்களுக்குத் தேவை நல்லெண்ணமே, பணமன்று என்ற கருத்தில் உரையாற்றி முடித்தார். கோடீஸ்வரர்கள் எழுந்து போயினர். அன்று ஏமாற்றமாகத் தெரிந்தது பின்னர் கொள்கையாயிற்று. இன்றுவரை கூட்டத்துக்குக் கட்டணமில்லை. உறுப்பினர்கள் விரும்பியதை ஒரு பைக்குள் இடுகிறார்கள். வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை.

எங்கள் தொழிலுக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடமுண்டு. ‘சற்றர்டே ஈவினிங் போஸ்ட்’ சஞ்சிகை ஜக் அலெக்சாண்டர் என்ற நிருபரை இந்த இயக்கத்தை ஆராய அனுப்பியது. ஊழல்களையும் மோசடிகளையும் அம்பலப்படுத்திப் பழகியவர் அவர். இதுவும் ஒரு மோசடி என்ற ஐயத்தோடுதான் புறப்பட்டார். நகர் நகராகச் சென்று கூட்டங்களில் அமர்ந்தார். கடைசியில் தமது சொந்த ஊரான சென் லூயிஸில், முன்பு தள்ளாடித் திரிந்த தம் பழைய நண்பர்களே தெளிந்த முகத்தோடு கூட்டத்தில் இருப்பதைக் கண்டபோது எஞ்சியிருந்த ஐயமும் போயிற்று. 1941 மார்ச் 1இல் அவருடைய கட்டுரை வெளியானது. ஆயிரக்கணக்கான கடிதங்கள் குவிந்தன. சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் தொகை அவ்வாண்டு முடிவில் 8,000ஐ எட்டியது. ஒரு பத்திரிகைக் கட்டுரை இத்தனை பேரை ஒரு கதவுக்கு வழிகாட்டியதற்கு எனக்குத் தெரிந்து வேறு உதாரணங்கள் அதிகமில்லை. நான் எழுதாமல் விட்டது எத்தகைய கட்டுரை என்பதை அப்போது உணர்ந்தேன்.

பெயர் சொல்லாமை

விரைவான வளர்ச்சி குழப்பத்தையும் கொண்டுவந்தது. யாரைச் சேர்க்கலாம், யாரைச் சேர்க்கலாகாது என்று ஒவ்வொரு குழுவும் தனக்கெனச் சட்டம் வகுத்தது. அச்சட்டங்கள் அனைத்தையும் ஒருங்கே நடைமுறைப்படுத்தியிருந்தால் ஒருவருமே சேர்ந்திருக்க முடியாது என்று வில்சன் வேடிக்கையாக எழுதினார். வாஷிங்டனியரின் வீழ்ச்சியைப் பற்றியும் அவர் 1945இல் எழுதினார். 1946 ஏப்ரலில் இயக்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்த ‘பன்னிரண்டு மரபுகள்’ 1950இல் கிளீவ்லண்ட் மாநாட்டில் ஏற்கப்பட்டன. குடியை விட விருப்பம் இருந்தால் போதும், வேறு தகுதி வேண்டியதில்லை. அரசியல், மதம், மதுவிலக்குச் சட்டம் எதைப் பற்றியும் இயக்கத்துக்குக் கருத்தில்லை. தலைவர்கள் இல்லை, சேவையாளர்கள் மட்டுமே. பத்திரிகையிலும் வானொலியிலும் படத்திலும் உறுப்பினர் எவரும் தம் பெயரோடு இயக்கத்தின் சார்பில் தோன்றக்கூடாது.

கடைசி விதிக்கு இரண்டு காரணங்கள். முதலாவது எளிதில் விளங்குவது: வேலையும் மானமும் போய்விடும் என்று அஞ்சுபவன் அச்சமின்றி உள்ளே வர வேண்டும். இரண்டாவது ஆழமானது. புகழ் பெற்ற ஒருவர் இயக்கத்தின் முகமாகி மீண்டும் குடித்துவிட்டால், அவரைப் பார்த்து வந்தவர்களின் நம்பிக்கையும் உடையும். வில்சன் இதைத் தமக்கும் பிரயோகித்தார். 1954இல் யேல் பல்கலைக்கழகம் வழங்க முன்வந்த கௌரவப் பட்டத்தை மறுத்தார். அவரது முழுப்பெயர் செய்திகளில் பரவலாக வெளிவந்தது 1971 ஜனவரி 24இல் அவர் இறந்த பின்னரே. அவர் புனிதரும் அல்லர். நீண்டகால மனச்சோர்வால் அவதிப்பட்டார். சிகரெட்டை விட முடியாமல் சுவாசப்பை நோயால் இறந்தார். முதல் தூது கொண்டுவந்த எபி தச்சர் பல தடவை மீண்டும் குடியில் வீழ்ந்தார். அமைப்பு அவர்களைச் சார்ந்திருக்கவில்லை, ஆகவே நிலைத்தது.

பெயரைத் தேடி, சரிபார்த்து, எழுத்துப் பிழையின்றி அச்சிடுவதே தொழிலாகக் கொண்டவன் நான். பெயரை விட்டுவிடு என்று சொல்லும் ஓர் அமைப்பை முதலில் ஐயத்தோடுதான் பார்த்தேன். பின்னர் நம் வழக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நமது ஊரில் குடிகாரனின் பெயர் எல்லோருக்கும் தெரியும்; ஒழுங்கை முனையில் நிற்கும் பிள்ளைக்கும் தெரியும். அவனுக்கு இருக்கும் நோயின் பெயரைத்தான் ஒருவரும் சொல்வதில்லை. இறந்த பிறகும் அதை மாரடைப்பு என்று எழுதுகிறோம். அந்த மண்டபத்தில் ஆளின் பெயர் மறைகிறது. நோயின் பெயர் வாய்விட்டுச் சொல்லப்படுகிறது. சொல்லப்படுவதால்தான் அடுத்த கதிரையில் இருப்பவன் அது தனக்கும் உரியது என்று அறிகிறான்.

பயன் உண்டா?

நெடுங்காலம் இக்கேள்விக்கு உறுதியான விடை இருக்கவில்லை. பெயரும் பதிவும் இல்லாத கூட்டத்தை ஆராய்வது இலகுவன்று. 2006இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு போதிய சான்றில்லை என்றது. 2020இல் வந்த புதிய தொகுப்பு 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 10,565 பேரையும் கணக்கிலெடுத்தது. நோயாளரைக் கூட்டங்களோடு முறைப்படி இணைத்துவிடும் சிகிச்சை பெற்றவர்களில் 42 வீதமானோர் ஓராண்டின் முடிவில் தொடர்ந்து குடிக்காதிருந்தனர். ஏனைய உளச்சிகிச்சைகளில் அத்தொகை 35 வீதம். வித்தியாசம் அற்புதமானதன்று, ஆனால் உண்மையானது, செலவும் குறைந்தது. பாதிக்கு மேற்பட்டோருக்கு ஓராண்டில் அது கைகொடுக்கவில்லை என்பதையும் மறைக்கலாகாது. கடவுட் பேச்சு ஒவ்வாதோருக்கு 1985, 1994 ஆகிய ஆண்டுகளில் தொடங்கிய மதச்சார்பற்ற குழுக்களும் உண்டு. 1975 முதல் பெண்களுக்கெனத் தனி அமைப்பும் உண்டு. குடும்பத்தாருக்காக லோயிஸ் வில்சனும் தோழியும் 1951இல் ‘அல்-அனோன்’ அமைப்பைத் தொடங்கினர். கணவர்மார் கூட்டத்தில் இருந்தபோது சமையலறையில் காத்திருந்த மனைவிமாரின் பேச்சிலிருந்து பிறந்தது அது.

தமிழ் உலகிலும் இதற்கு ஒரு கிளை உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் ரி.ரி. ரங்கநாதன் ஆய்வு மன்றத்தைத் தொடங்கினார். அது நடத்தும் ரி.ரி.கே. வைத்தியசாலை சிகிச்சையையும் கூட்டங்களையும் குடும்ப ஆலோசனையையும் இணைத்து நடத்துகிறது. மரணத்தின் காரணத்தை மறைக்காமல் அதன் மீதே ஒரு வைத்தியசாலையைக் கட்டியவர் அவர்.

போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் குடி பெருகியதைத் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் நீண்டகாலமாக எழுதி வந்துள்ளனர். புலம்பெயர்ந்த நாடுகளில் இரண்டு வேலை செய்து, தனி அறையில் போத்தலோடு இருப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுக்காகச் சில விபரங்கள். லண்டனில் முதற் கூட்டம் நடந்தது 1947 மார்ச் 31இல். இன்று பிரித்தானியாவிலும் கனடாவிலும் ஐரோப்பாவிலும் அவுஸ்திரேலியாவிலும் கூட்டம் நடைபெறாத பெருநகரம் இல்லை. அந்தந்த நாட்டு இயக்கத்தின் இணையத்தளத்தில் இடமும் நேரமும் இருக்கும். தொலைபேசியில் அழைத்தால் எடுப்பவரும் பெரும்பாலும் குடியை விட்டவரே. தமிழ்நாட்டில் தமிழிலேயே கூட்டங்கள் நடைபெறுகின்றன. கொழும்பிலும் கூட்டங்கள் உண்டு. சுமித்ரயோ அமைப்பின் மெல் மெதுர நிலையமும் உதவுகிறது. 2020இல் கொவிட் தொற்று மண்டபங்களை மூடியபோது கூட்டங்கள் இணையத்துக்கு வந்தன. பல அங்கேயே தொடர்கின்றன. ‘திறந்த’ கூட்டத்துக்கு எவரும் போகலாம். ‘மூடிய’ கூட்டம் குடியை விட விரும்புவோருக்கு மட்டுமானது. பேச வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரு கூட்டம் பிடிக்காவிட்டால் இன்னொன்றுக்குப் போய்ப் பார்க்கலாம். ஓர் எச்சரிக்கை மட்டும்: பல ஆண்டுகள் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிராபத்தாகலாம். முதலில் வைத்தியரைக் காண வேண்டும். வில்சனும் வைத்தியசாலை வழியாகவே வந்தார்.

அண்ணையின் மரணச் செய்தி வெளிவந்த பத்திரிகை நறுக்கு இன்னும் என்னிடம் இருக்கிறது. இங்கும் அவர் பெயரை நான் எழுதவில்லை. அவர் குடும்பத்தினர் இருக்கிறார்கள். ஆனால் அவரைக் கொன்ற நோயின் பெயரை இம்முறை எழுதிவிட்டேன். அவருக்கு அந்த நோய் இருந்தது என்பது வெட்கமன்று. அதை நாங்கள் ஒழுக்கக்கேடு என்று எண்ணி, சத்தியத்தால் கட்ட முயன்றதே எங்கள் அறியாமை. இதை வாசிக்கும் ஒருவர் வீட்டில் அப்படியொரு அண்ணை இருக்கக்கூடும். வாசிப்பவரே அவராகவும் இருக்கக்கூடும். அந்த மண்டபத்தின் வாசலில் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். தேநீரா கோப்பியா என்றுதான் கேட்பார்கள்.